நாணயம் துள்ளினால் வால்வும் துள்ளும்: கேமை மாற்றுபவர் ஸ்பிரிங்கையும் ஏன் மாற்ற வேண்டும்?

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய சோதனை. தடிமனான புத்தகம் ஒன்றின் மேல் 20 சென் நாணயத்தை வையுங்கள். புத்தகத்தை இரு கைகளாலும் சமமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். நாணயம் புத்தகத்தில் ஒட்டியதுபோல் கூடவே ஏறி இறங்கும். இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஏறி இறங்கும் அசைவை வினாடிக்கு இரண்டு தடவைக்கும் சற்றுக் கூடுதலாகச் செய்யும்போது, நாணயம் புத்தகத்தை விட்டுக் கிளம்பும். பிறகு ‘டக்’கென்று வந்து விழும்.

காரணம் எளிது. நாணயத்தை மேலே தள்ளுவது உங்கள் கை. ஆனால், அதைக் கீழே கொண்டுவருவது உங்கள் கை அல்ல, புவியீர்ப்பு விசை. புவியீர்ப்பு தரும் முடுக்கம் 9.8 மீட்டர்/வினாடி² மட்டுமே. உச்சிக்குச் சென்ற புத்தகம் அதைவிட வேகமாகத் திரும்பி இறங்கினால், நாணயத்தால் பின்தொடர முடியாது. அது தனியாக மிதக்கும்.

மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் தலைப்பகுதியிலும் இதே போராட்டம் நடக்கிறது. அங்கே புத்தகத்தின் வேலையைக் கேம் செய்கிறது. நாணயத்தின் இடத்தில் வால்வு இருக்கிறது. புவியீர்ப்பின் இடத்தில் இருப்பது ஒரு சுருள் ஸ்பிரிங். “கேம் மட்டும் மாற்றினால் போதும், மோட்டார் பறக்கும்” என்று பட்டறையில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இயந்திரம் மூச்சு விடும் விதம்

நம் சாலைகளில் ஓடும் கப்சாய் மோட்டார்களில் பெரும்பாலானவை நான்கு வீச்சு இயந்திரம் கொண்டவை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுப்பது, அதை அழுத்துவது, எரித்து ஆற்றல் பெறுவது, புகையை வெளியே தள்ளுவது ஆகிய நான்கும் முடிய, கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். இந்த இரண்டு சுற்றில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்து மூடினால் போதும். அதனால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றும்படி சங்கிலியால் இணைக்கப்பட்டுள்ளது.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஓர் எஃகுத் தண்டு. அந்தப் புடைப்புதான் கேம். அது சுற்றி வரும்போது ராக்கர் ஆர்ம் என்னும் நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்குகிறது. மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. கேமின் கூர்முனை கடந்து சென்றதும் வால்வு மூட வேண்டும். இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது: கேமுக்கு வால்வைத் திறக்க மட்டுமே தெரியும். மூடத் தெரியாது. மூடுவது முழுக்க முழுக்க ஸ்பிரிங்கின் வேலை.

செயல்திறன் கேமில் என்ன மாற்றம்?

தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கேமையும் பந்தயத்திற்கான கேமையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முட்டையின் வடிவம் மாறியிருப்பது தெரியும். இரண்டு அளவுகள் முக்கியமானவை.

முதலாவது ஏற்றம். வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பது இது. கூடுதலாகத் திறந்தால் காற்று செல்லும் வழி அகலமாகும்.

இரண்டாவது திறப்புக் காலம். கிராங்க்ஷாஃப்ட் எத்தனை பாகை சுற்றும்வரை வால்வு திறந்திருக்கிறது என்பது இது. ஒரு வீச்சு 180 பாகை. ஆனால், சாதாரண இயந்திரத்தில்கூட வால்வு அதைவிட அதிக நேரம் திறந்திருக்கும். காற்றுக்கும் பொருண்மை உண்டு. ஆகவே சடத்துவமும் உண்டு. வேகமாக உள்ளே பாயும் காற்று, பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வால்வைச் சற்றுத் தாமதமாக மூடினால் அந்தக் காற்றையும் பிடித்துக்கொள்ளலாம்.

சுற்றும் வேகம் கூடக் கூட இந்தத் தாமதம் பயன் தரும். ஆனால், குறைந்த வேகத்தில் காற்றின் பாய்ச்சல் மெதுவாக இருக்கும். அப்போது வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் மீண்டும் வெளியே தள்ளிவிடும். அதனால் பந்தயக் கேம் பொருத்திய மோட்டார் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது சீராக உறுமாது. நெரிசலில் இழுவை குறையும். மேலே பெற்ற ஆற்றலுக்குக் கீழே விலை கொடுக்கிறோம்.

இரண்டு நன்மையையும் ஒன்றாகப் பெற ஒரு வழி உண்டு. ஹோண்டா நிறுவனம் 1989இல் இன்டெக்ரா காரில் அறிமுகப்படுத்திய விடெக் முறையில், குறைந்த வேகத்திற்கு ஒரு கேமும் அதிக வேகத்திற்கு வேறொரு கேமும் ஒரே தண்டில் இருந்தன. அந்த 1.6 லிட்டர் இயந்திரம் 160 குதிரைத்திறன் தந்தது. இன்று யமஹாவின் 155 சிசி மோட்டார்களில் உள்ள விவிஏ முறையும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான்.

ஐந்து மில்லி வினாடிக்குள் ஒரு பயணம்

இப்போது கொஞ்சம் கணக்குப் போடுவோம். எண்கள் ஒரு மாதிரி இயந்திரத்திற்கானவை; எந்தக் குறிப்பிட்ட மோட்டாருக்கும் உரியவை அல்ல.

கிராங்க்ஷாஃப்ட் நிமிடத்திற்கு 8,000 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். கேம்ஷாஃப்ட் 4,000 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கு 15 மில்லி வினாடி. திறப்புக் காலம் 240 பாகை என்றால், கேம்ஷாஃப்டில் அது 120 பாகை. அதாவது மூன்றில் ஒரு பங்குச் சுற்று. ஆகவே வால்வு திறந்து, உச்சத்திற்குப் போய், திரும்பி மூட மொத்தம் 5 மில்லி வினாடிதான் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் அந்த வால்வு பல தடவை திறந்து மூடிவிடும்.

வால்வின் ஏற்றம் 8 மில்லிமீட்டர் என்றும், அதன் அசைவு ஒரு சீரான அலைபோல் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், உச்சியில் அது திரும்புவதற்குத் தேவையான முடுக்கம் ஏறத்தாழ 6,300 மீட்டர்/வினாடி². நாணயத்தைக் கீழே இழுத்த புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இது 640 மடங்கு. வால்வு, ஸ்பிரிங் தொப்பி, ராக்கர் ஆர்மின் பங்கு எல்லாம் சேர்ந்து 60 கிராம் என்றால், விசை = பொருண்மை × முடுக்கம் என்ற நியூட்டனின் விதிப்படி ஏறத்தாழ 380 நியூட்டன் தேவை. 39 கிலோகிராம் எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை அது.

ஸ்பிரிங் எவ்வளவு தரும்? இங்கே ஹூக் விதி உதவுகிறது. வால்வு மூடியிருக்கும்போதே ஸ்பிரிங் ஓரளவு அழுத்தப்பட்டுத்தான் இருக்கும். அந்த நிலையில் அதன் விசை 200 நியூட்டன் என்றும், மேலும் அழுத்தப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 25 நியூட்டன் கூடுகிறது என்றும் கொள்வோம். வால்வு 8 மில்லிமீட்டர் திறந்ததும் 200 + (25 × 8) = 400 நியூட்டன். தேவை 380, இருப்பு 400. வால்வு கேமை விட்டு விலகாது.

அடுத்து, ஏற்றம் 9 மில்லிமீட்டர், திறப்புக் காலம் 264 பாகை கொண்ட செயல்திறன் கேமைப் பொருத்துகிறோம். அதன் பலன் கிடைக்க இயந்திரத்தை 10,000 சுற்றுவரை ஓட்டுகிறோம். வால்வின் பயண நேரம் 4.4 மில்லி வினாடியாகக் குறைகிறது. தேவையான விசை 550 நியூட்டனாக உயர்கிறது. பழைய ஸ்பிரிங் 9 மில்லிமீட்டரில் தருவதோ 200 + (25 × 9) = 425 நியூட்டன் மட்டுமே. 125 நியூட்டன் பற்றாக்குறை.

இவ்வளவு பெரிய உயர்வுக்குக் காரணம், தேவையான விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதுதான். அதே கேமைச் சுற்றும் வேகம் 25 விழுக்காடு கூடினால், விசை 25 விழுக்காடு அல்ல, 56 விழுக்காடு கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

வால்வு மிதந்தால் என்ன ஆகும்?

பற்றாக்குறை ஏற்பட்டதும் புத்தகத்தின் மேல் நாணயம் செய்ததையே வால்வும் செய்யும். கேமின் வடிவத்தை விட்டு விலகிப் பறக்கும். இதைத்தான் வால்வு மிதத்தல் என்கிறார்கள்.

முதலில் ஆற்றல் குறையும். மூட வேண்டிய நேரத்தில் வால்வு திறந்திருப்பதால், அழுத்தப்பட வேண்டிய கலவை கசிந்துவிடும். மேலும், கேமின் சரிவு வால்வை மெதுவாகத் தன் இருக்கையில் இறக்கிவிடும்படி வடிவமைக்கப்பட்டது. மிதந்த வால்வு அந்தச் சரிவைத் தவறவிட்டு, சுத்தியலால் அடித்ததுபோல் இருக்கையில் மோதித் துள்ளும். வால்வைத் தொப்பியோடு பிணைத்திருக்கும் இரண்டு சிறிய பூட்டுத் துண்டுகள் அந்த அதிர்ச்சியில் தளரலாம்.

மிக மோசமானது இனித்தான். புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வருகிறது. அந்நேரம் வெளியேற்று வால்வு மூடிக்கொண்டிருக்கும், உள்ளிழு வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே ஒருசில மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. வால்வு மிதந்தால் பிஸ்டன் அதை எட்டிப் பிடித்து மோதும். வால்வின் தண்டு வளையும். சில நேரம் அதன் தலையே முறிந்து உள்ளே விழும். பிஸ்டனில் ஓட்டை விழும். நெடுஞ்சாலையில் போகும்போது இயந்திரம் இறுகிவிட்டால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளக்கூடும். அப்போது சேதம் இயந்திரத்தோடு நிற்காது.

தொழிற்சாலையில் மோட்டாருக்கு ஆர்பிஎம் வரம்பு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வரம்பைத் தாண்டினால் மின்பொறி துண்டிக்கப்படும். ஆனால், வேகமாகப் போகும்போது தவறுதலாக மிகக் குறைந்த கியருக்கு மாற்றினால், சக்கரமே இயந்திரத்தை இழுத்துச் சுற்றும். அதை எந்த மின்னணுக் கட்டுப்பாடும் தடுக்க முடியாது. அந்த நொடியில் வால்வைக் காப்பாற்ற ஸ்பிரிங் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போடலாமா?

கூடாது. அளவுக்கு மீறிய ஸ்பிரிங், கேமையும் ராக்கர் ஆர்மையும் ஒவ்வொரு சுற்றிலும் தேவைக்கு மேல் அழுத்தும். உராய்வு கூடும், கேமின் முனை தேயும், சங்கிலி இழுபடும். பெற்ற ஆற்றலில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அழுத்தவே செலவாகும். நம் கணக்கில் தொடக்க விசை 240 நியூட்டன், மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் என்ற ஸ்பிரிங் போதும். அது 9 மில்லிமீட்டரில் 600 நியூட்டன் தரும். தேவை 550. இப்படிப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பதால்தான் நல்ல நிறுவனங்கள் கேமோடு எந்த ஸ்பிரிங் சேர வேண்டும் என்பதையும் குறிப்பிடுகின்றன.

விசை மட்டும் போதாது. நீளமும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்கின் கம்பி 3 மில்லிமீட்டர் தடிமன், மொத்தம் ஏழரைச் சுருள் என்றால், முழுவதும் அழுத்தியதும் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி 22.5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். அதற்குமேல் அது ஸ்பிரிங் அல்ல, இரும்புக் குழாய். பொருத்திய உயரம் 32 மில்லிமீட்டர் என்றால் அழுத்துவதற்கு உள்ள இடம் 9.5 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஏற்றத்திற்கு 1.5 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. 9 மில்லிமீட்டர் ஏற்றத்திற்கு அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொது விதி.

ஸ்பிரிங்கிற்குச் சொந்தமாக ஓர் அதிர்வெண்ணும் உண்டு. கேமின் தாளம் அதோடு ஒத்துப்போனால் சுருள்கள் தாமாகவே அலைபாயும். விசை சீராக இருக்காது. இதைத் தணிக்கப் பல இயந்திரங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைக்கிறார்கள். இரண்டின் அதிர்வெண்ணும் வெவ்வேறு. உள் ஸ்பிரிங்கை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒன்றின் சுருள் மற்றதன் இடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

பட்டறையில் நடப்பது

பொறுப்பான மெக்கானிக் ஒருவர் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால், கழற்றுவதைவிட அளப்பதற்கே அதிக நேரம் எடுப்பது தெரியும்.

ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியால் இறுக்கி, பூட்டுத் துண்டுகளை எடுக்கிறார். அவை தெறித்துப் பறக்கக்கூடியவை. கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக்கூடாது. சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் இடைவெளியாகவும் உள்ள ஸ்பிரிங் என்றால், நெருக்கமான முனை சிலிண்டர் தலையைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். ஏற்றம் கூடிவிட்டதால், வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங் தொப்பி கீழே உள்ள எண்ணெய் சீலில் இடிக்கிறதா என்றும் சரிபார்க்கிறார்.

பிறகு பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கேம்ஷாஃப்டின் பற்சக்கரத்தில் உள்ள குறியைச் சிலிண்டர் தலையில் உள்ள குறியோடு பொருத்துகிறார். பற்சக்கரத்தில் 30 பல் இருந்தால், சங்கிலி ஒரு பல் தவறினாலே கேம்ஷாஃப்ட் 12 பாகை தப்பிவிடும். கிராங்க்ஷாஃப்ட் கணக்கில் அது 24 பாகை. அதனால் எல்லாம் பூட்டியபின் இயந்திரத்தை மின்விசையால் இயக்காமல், கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கிறார். எங்கேயாவது இடித்தால் கைக்குத் தெரியும், உடனே நிறுத்தலாம்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, நீங்கள் பாலர் பள்ளியில் உருட்டி விளையாடிய பிளாஸ்டிசின்தான் கருவி. பிஸ்டனின் தலையில் அதை அப்பி, வால்வில் சிறிது எண்ணெய் தடவி, தலையைப் பூட்டி, கையால் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றுகிறார். வால்வு பதிந்த இடத்தைக் கத்தியால் வெட்டி, எஞ்சியிருக்கும் தடிமனை அளக்கிறார். உள்ளிழு வால்வுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும், வெளியேற்று வால்வுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருப்பது பாதுகாப்பு. வெளியேற்று வால்வு அதிகச் சூடாகி நீளும். அதோடு, அது மூடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருகிறது.

கடைசியாக, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் இடையே மெல்லிய உலோகத் தகட்டை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்கிறார். இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. புதிய கேமின் பரப்பில் எண்ணெய் தடவாமல் இயந்திரத்தைத் தொடங்கக்கூடாது. முதல் சில வினாடிகளில் எண்ணெய் மேலே வந்து சேர்ந்திருக்காது.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்றவர்கள்

ஸ்பிரிங்கின் எல்லையைத் தாண்டப் பொறியாளர்கள் வேறு வழிகளும் கண்டார்கள். 1954இல் பந்தயத்திற்கு வந்த மெர்சிடிஸ் டபிள்யூ196 காரில், வால்வைத் திறக்க ஒரு கேமும் மூட இன்னொரு கேமும் இருந்தன. டுகாட்டி நிறுவனத்தின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956இல் இதே முறையைப் பந்தய மோட்டாரில் கொண்டுவந்தார். ரெனோ நிறுவனம் 1986இல் ஃபார்முலா 1 இயந்திரத்தில் எஃகுச் சுருளுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்தியது. வழிகள் வேறு வேறு. ஆனால், எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: திறந்த வால்வை நேரத்திற்கு எப்படி மூடுவது?

உங்களுக்கு ஒரு கணக்கு

மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். உங்களில் சிலர் விரைவில் சொந்த மோட்டார் ஓட்டுவீர்கள். பொதுச் சாலையில் ஓடும் வாகனத்தின் இயந்திரத்தை விருப்பம்போல் மாற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மலேசியாவில் ஜேபிஜேயும் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையமும் இதற்கு விதிகள் வைத்துள்ளன. பந்தயக் கேமின் இடம் பந்தயத் தடம்.

மேலே பார்த்த எண்களை வைத்து ஒரு கேள்வி. புதிய கேமைப் போட்டுவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே வைத்திருந்தால், எத்தனை சுற்றில் வால்வு மிதக்கத் தொடங்கும்? 10,000 சுற்றில் தேவை 550 நியூட்டன், கையில் இருப்பது 425. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 425ஐ 550ஆல் வகுத்து, இருமடி மூலம் எடுத்து, 10,000ஆல் பெருக்குங்கள். விடை ஏறத்தாழ 8,800. இந்த மாதிரி இயந்திரத்தில் புதிய கேம் தன் பலனைக் காட்டுவது 9,000க்கும் 10,000க்கும் இடையில் என்றால், பணம் கொடுத்து வாங்கிய அந்த ஆற்றல் தொடங்கும் முன்பே பழைய ஸ்பிரிங் கைவிட்டுவிடுகிறது. அடுத்த முறை யாராவது “கேம் மட்டும் மாற்றினால் போதும்” என்று சொன்னால், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.